ஒழுகும் கூரைக்கு எத்தனை கிலோ மருந்து?

கதவு சரியாக மூடவில்லை என்பதற்காக யாராவது தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு போன் செய்வார்களா? என் தங்கை தமிழரசி செய்தாள்.

"அண்ணா, ஹால் கதவு மேல இடிக்குது. மழைல மரம் ஊதிப்போச்சுன்னு அவரு சொல்லிக்கினு இருக்காரு. மழை வுட்டு எவ்ளோ நாளாவுது... இப்ப இன்னா ஊதறது?"

நியாயமான கேள்வி. ஆனால் அவள் குரலில் கதவைப் பற்றிய கவலை மட்டும் இல்லை. அந்த ஹாலில்தான் அவள் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறாள். தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

"மனசுக்கு சரியா படலண்ணா. பசங்கள வாசல்ல உக்கார வெச்சிட்டேன். அவரு என்னப் பாத்து சிரிக்கிறாரு."

சிரித்தவர் அவள் கணவர் ஏழுமலை. கரியாலூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறார். நல்ல மனிதர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே எதிரி — அந்த ஹால் கூரை. கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்தாலே போதும், குண்டான், பக்கெட் எல்லாம் ஹாலுக்கு வந்துவிடும்.

அவருடைய அப்பா காலத்திலேயே மாடியில் சுருக்கி போட்டார்கள். அதாவது, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டியாக ஓர் அடுக்கு. அதற்கு மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓடு. சில வருஷம் தாங்கியது, பிறகு ஒழுகியது. ஏழுமலை என்ன செய்தார்? அதன் மேலேயே இன்னொரு சுருக்கி, இன்னொரு தட்டோடு! அதுவும் ஒழுகியது. இப்போது மூன்றாவது அடுக்குக்காக ஜல்லி, மணல், ஓடு எல்லாவற்றையும் மாடியில் ஏற்றிவிட்டு கொத்தனாருக்குக் காத்திருந்தார்.

எனக்குக் கட்டடம் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் தெருவில் இருக்கும் சிவில் இன்ஜினீயர் பர்வீனிடம் விஷயத்தைச் சொன்னேன். கதவு இடிக்கிறது என்று ஆரம்பித்தபோது சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், மாடியில் ஜல்லி குவித்திருக்கிறது என்றதும் எழுந்துவிட்டார். "இப்பவே போலாங்க."

போனோம். ஹாலின் வாசலில் நின்றே பர்வீன் மேலே பார்த்தார். கதவுக்கு மேலே குறுக்காக ஒரு விரிசல். கூரையின் நடுவில் லேசான தொய்வு. நான் எத்தனையோ தடவை அந்த ஹாலில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்... என் கண்ணில் பட்டதே இல்லை.

"யாரும் உள்ள போவாதீங்க. மேல இருக்கற பாரம் அமுக்கித்தான் கதவு இடிக்குது. மொதல்ல அத எறக்குங்க" என்றார் பர்வீன்.

ஏழுமலைக்குப் பிடிக்கவில்லை. "நாளைக்கு கொத்தனார் வராருங்க. சுருக்கி போட்டா ஒழுகல் நின்னுடும். அதப் போயி எறக்க சொல்றீங்களே?"

"அண்ணா, ஒரு சுருக்கியும் ஓடும் சேந்தா சதுர அடிக்கு சுமாரா இருவது கிலோ வரும். உங்க ஹாலு நானூறு சதுர அடி இருக்கும். ஒரு அடுக்கே எட்டு டன். ஏற்கெனவே ரெண்டு அடுக்கு கெடக்குது. அது குடிக்கிற மழைத்தண்ணி வேற. கணக்குப் போட்டுக் கட்டுன கூரைன்னா ஒரு அடுக்கு தாராளமா தாங்கும். இது பழைய கூரை, உள்ள கம்பி துருப்புடிச்சிருக்கும். இன்னும் எவ்ளோ ஏத்துவீங்க?"

டன் கணக்கில் சொன்னதும் ஏழுமலையின் முகம் மாறியது. மலைப்பாதையில் பாரம் ஜாஸ்தியானால் என்ன ஆகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறினார். நானும் ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். வெளிப்புறப் படி வழியாக ஒவ்வொரு கூடையாக இறக்கினோம்.

முக்கால்வாசி இறக்கியிருப்போம். கீழே ஹாலுக்குள் 'தடால்' என்று ஒரு சத்தம்.

ஓடி வந்து வாசலில் நின்று பார்த்தோம். ஒரே தூசி. அடங்கியதும் தெரிந்தது... கேரம் போர்டு அளவுக்குக் கூரையின் சிமெண்ட் பெயர்ந்து விழுந்திருந்தது. துருப்பிடித்த கம்பிகள் மேலே தெரிந்தன. விழுந்த இடத்தில் டியூஷன் பிள்ளைகள் உட்காரும் பாய்.

ஏழுமலை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அரசி... நீ மட்டும் புள்ளைங்கள வெளிய உக்கார வெக்கலன்னா..."

"அதான் வெச்சிட்டேனே. எழுந்து தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினாள் தமிழரசி.

அன்றே கூரைக்கு முட்டு கொடுத்தார்கள். பிறகு பழைய ஓடும் சுருக்கியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து இறக்கப்பட்டன. டிராக்டர் வந்து வந்து அள்ளிக்கொண்டு போனது. இவ்வளவையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டா தூங்கினார்கள்! கம்பிகளைச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் புதுக் கம்பி கட்டி, கூரையைப் பலப்படுத்தினார் பர்வீன்.

அப்புறம் ஒழுகலுக்கு மருந்து? ரோலாகச் சுருட்டி வரும் தார் ஷீட் ஒரு வழி என்றார். சதுர அடிக்கு அரைக் கிலோகூட வராதாம். கடைசியில் அதைவிடவும் கம்மி எடையில், பிரஷ்ஷால் பூசும் கோட்டிங்கைத் தேர்ந்தெடுத்தார். நடுவில் மெல்லிய வலைத்துணி ஒட்டி, மேலே மறுபடி பூச்சு. மொத்தமும் சில பக்கெட்டுகள். ஏழுமலை ஒரு பக்கெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சந்தேகமாகக் கேட்டார்: "இவ்ளோதானா? இதுவா தண்ணிய நிறுத்தும்?"

நிறுத்தியது. போன வாரம் கொட்டிய மழையில் எனக்கு போன் வந்தது.

"மச்சான், ரெண்டு மணி நேரமா பேஞ்சிக்கினு இருக்குது! ஒரு சொட்டு இல்ல! பசங்க உள்ளதான் படிக்கிறாங்க!"

பின்னணியில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம். மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது. அன்றுதான் எனக்கும் நிம்மதியாக மூச்சு வந்தது.

எங்கே ஒழுகினாலும் மேலே இன்னொன்றைப் போடத்தான் நமக்குத் தோன்றுகிறது. இருப்பதில் எதை எடுக்கலாம் என்று யோசிக்கிறோமா?

நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியைச் சுத்தம் செய்தேன். பெரிய கிரைண்டர் கல் ஒன்று கிடைத்தது — அது யாருடையது என்றுதான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை!