மீனு என் மடியை வெறுத்த மாதம்

எங்கள் தேயிலைத் தோட்டக் குளிரில் என் மடியைத் தவிர வேறு இடத்தில் தூங்கியறியாத பூனை மீனு. சென்ற மாதம் அவள் திடீரென்று என்னைக் கண்டாலே ஓடினாள். பிறகு வீட்டுக்குள் வருவதையே விட்டுவிட்டு, மழையில் விறகுக் கொட்டகையில் நடுங்கிக் கிடந்தாள். செத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

நாலு புத்தகம் படித்தவன் அல்லவா? பூனைக்கு மனச்சோர்வு என்று முடிவுகட்டினேன். ஆறுதலாக இருக்கட்டுமே என்று கொட்டகை வாசலில் குந்தி, கையால் மீன் ஊட்டப் போனேன். மீனு என் விரலை மோந்து, தும்மி, பின்வாங்கினாள்.

பின்னால் மனைவி சிரித்தாள். "மொழங்காலுக்குத் தைலம் தேய்ச்ச கையிலயே ஊட்டுனா எப்படிங்க வரும்? பாசார் மாலாம்ல அந்த பாட்டில் வாங்குனதுல இருந்துதான்லா ஓடுது."

குளிருக்குத் தைலம் தேய்க்காதவர் இந்த மலையில் யார்? நான் அந்த இரவுச் சந்தைத் தைலத்தில் குளிப்பதுபோலத் தேய்த்திருந்தேன்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேன். நீங்க படிச்சிட்டு இருந்தீங்க. அது பூனை, ஓடிருச்சு. நான் எங்கங்க ஓடுறது?"

அவள் சில வாரங்களாகக் கூடத்தில் படுப்பதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. என் குறட்டை என்று நினைத்திருந்தேன்.

சோப்புப் போட்டுக் குளித்தேன். முழங்காலுக்கு வெந்நீர்ப் பை போதும் என்றாகிவிட்டது. மூன்றாம் நாள் மீனு வந்து, சுங்க அதிகாரிபோல என்னை முழுக்கச் சோதித்துவிட்டு மடியில் ஏறினாள்.

யாராவது விலகிப் போனால் அவர்கள் மனத்தை ஆராய்வதுதான் என் வழக்கம். இப்போதெல்லாம் முதலில் என்னை மோந்து பார்த்துக்கொள்கிறேன்.