கோலுக்குப் பின் ஒரு சல்யூட்

ஞாயிறு பூசை முடிந்ததும் இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த தமிழர்கள் பந்தடிப்போம். அன்று ஆள் குறைந்ததால், ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை உணவகத்தில் தன்னோடு வேலை செய்யும் கிம் என்ற கொரியாக்காரரை நண்பன் யூட் அழைத்து வந்தான்.

முதல் கோலை கிம்தான் அடித்தார். அடித்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். ஒருவரும் கைதட்டவில்லை. மன்னாரில் இராணுவ முகாமில் அடிவாங்கிய அன்ரன் அண்ணை பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆமிக்காரனையோடா கூட்டிக்கொண்டு வந்தனி? இவன் நிண்டா நான் போறன்."

"எனக்கெப்பிடித் தெரியும் அண்ணை? நல்லா மீன் வெட்டுவான், அவ்வளவுதான் தெரியும்."

யூட் கிம்மிடம் இத்தாலிய மொழியில் விசாரித்துவிட்டுச் சொன்னான். "அங்கை பெடியள் கட்டாயம் ஆமியிலை இருக்கவேணுமாம். நல்லாப் பந்தடிக்கிறவையை ஆமியின்ரை கிளப்பிலை விடுவினமாம். பெரிய லீக்கிலை விளையாடுற கிளப். கோல் அடிச்சா சல்யூட் அடிக்கவேணுமாம். தன்ரை பழைய கிளப்புக்கு எதிரா அடிச்சும் சல்யூட் வைச்சவனாம்."

"பிறகு?" என்றார் அன்ரன் அண்ணை.

"சேவை முடிஞ்சு அந்தப் பழைய கிளப்புக்குத் திரும்பிப் போக, ஒருத்தரும் இவனுக்குப் பந்து குடுக்கேல்லையாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்படிக் கதை சொல்ல யாராலும் முடியும். அன்ரன் அண்ணை கிம்மைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பந்தைக் கீழே வைத்து அவரிடமே உதைத்தார்.

அன்று முழுவதும் கிம் தனியாக நின்று கையுயர்த்திக் கேட்டபோதெல்லாம் நான் பந்தை வேறு பக்கம் அடித்தேன். என்னை எந்த இராணுவத்தானும் தொட்டதில்லை. அன்ரன் அண்ணையால் கொடுக்க முடிந்த பந்தை என்னால் கொடுக்க முடியவில்லை.