கியரில் நடுக்கம்

லான்மடா பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காரில் ஒருவர் வருவார். வெற்றிலைக் கறை படிந்த வாய், மழையிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. இறங்கும் முன் இன்ஜினை ஒருமுறை உறுமவிடுவார். சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டுக் கொடுத்தவன் நான்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பட்பட்டென்று வெடிக்கும். எதிர் டீக்கடையில் இருப்பவர்கள் மேசைக்கடியில் குனிவார்கள்.

"துப்பாக்கின்னு சனம் பயப்படுதுண்ணே."

"பயப்படட்டும் தம்பி. பயந்தவன்தான் வழி விடுவான்."

போன வாரம் கியரில் நடுக்கம் என்று வந்தார். கிளட்ச், ஷாஃப்ட், மவுண்டிங் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இன்ஜினை அணைக்கச் சொன்னேன். அணைத்த பிறகும் கியர் ராடு ஆடியது. நடுங்கியது அவர் கை.

"ஷாஃப்டுதாண்ணே, மாத்திடுறேன்" என்றேன். தலையாட்டினார். அவருக்கு எதைக் கண்டு பயம் என்று கேட்க எனக்குப் பயம்.