தொலைநோக்கிக்கு நேர்ந்த கிடா

எங்கள் திட்டத்தைக் கைவிட்டதாக ஒரே கூட்டத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். விண்வெளி வீரர்கள் கலத்தில் ஏறிப்போய், ஒரு தொலைநோக்கியைச் சுற்றுப்பாதையில் நிறுத்திவிட்டு வருவதாக இருந்தது. அந்தத் தொலைநோக்கியின் மூடிக்கான கொக்கி என் பொறுப்பு. விறைத்த கையுறைக்குள் இருக்கும் கை ஒரே திருகலில் அதைத் திறக்க வேண்டும். என் இளமை மொத்தமும் அந்தக் கொக்கியில்தான் போனது. ஆள் அனுப்பக் கட்டுப்படியாகாதாம். பிறகு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து எதைச் செய்தாலும் எதற்கு என்றுதான் தோன்றியது, பல் விளக்கும்போதுகூட. லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினேன். திருமங்கலத்தில் பஸ் மாறி, டி. கல்லுப்பட்டி தாண்டிப் போக வேண்டும்.

வீட்டு வாசலில் கிடா நின்றது. மகள் செய்த சாமான் வானத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வெட்டுகிறேன் என்று அப்பா குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. நேர்ந்துவிட்டதை விற்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. திட்டம் தள்ளிப்போகத் தள்ளிப்போக, அது ஊரார் பருத்தியை எல்லாம் மேய்ந்து கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. ராக்கெட்டுக் கிடா என்று அதற்கு வழிவிடுவார்கள். ஆபீசில் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வேலை முடங்கியபோதும், கிடா இன்னும் நிற்கிறதே என்றுதான் மனசைத் தேற்றிக்கொண்டேன். படித்தவள் ஆட்டை நம்பலாமா என்றால், நம்பினேன்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தள்ளி வச்சிருக்காகளா, தாயி?"

"இல்லப்பா. இனிமே கெடையாது."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

நிறைவேறாத வேண்டுதலின் கிடாவை என்ன செய்வது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. "சாமி மேலயும் குத்தமில்ல, கிடா மேலயும் குத்தமில்ல" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அப்பா குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்து, படுத்துக்கிடந்த என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"வேண்டுதல மாத்திட்டேன்."

"என்னன்னு?"

"எம்மக இத மறந்துறணும்னு. மறந்துட்டேன்னு நீ எப்பச் சொல்றியோ, அன்னைக்கு வெட்டிருவோம்."

அப்படியென்றால் இந்தக் கிடா கிழடாகித்தான் சாகும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.