கலைவாணிக்கு வீடு சொன்ன கதை

புகைப்படத்தைப் பார்த்து அதில் இருப்பதைச் சொல்வது எளிய வேலை என்று நினைப்பவர்கள், அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போய்வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டு, "நல்லா இருந்தது" என்ற பதிலோடு திரும்பிய எல்லோரும் என் கஷ்டத்தில் பங்காளிகள்.

மயிலாப்பூரில் ஒரு மாடி ஹாலில் ஞாயிறு காலை வகுப்பு. பார்வையற்றவர்கள் கேட்டுப் படிக்கும் புத்தகங்களுக்காக, படங்களை வார்த்தையில் எழுதித் தர முன்வந்த ஒன்பது பேர். எழுதியதைக் கேட்டு, தேறுமா என்று சொல்பவர் கலைவாணி. பிறவியிலேயே பார்வையில்லாதவர். வங்கியில் வேலை; கோட்டூர்புரத்தில் வளர்ந்தவர். இந்த முறை அவருக்கு ஓர் அவசரம். குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கணவர் சேகருக்கும் பார்வை இல்லை. புரோக்கர் அனுப்பும் படங்கள் போனில் குவிகின்றன. உறவினர்களிடம் காட்டினால் எல்லா வீட்டையும் "சூப்பர்" என்கிறார்களாம். "உங்க பசங்க தேறிட்டா, அவங்களே பாத்துச் சொல்லட்டும் சார்" என்றார். பசங்களில் மூத்தவருக்கு வயது அறுபத்தெட்டு.

அழகான கடற்கரை

முதல் பாடத்துக்கு பெசன்ட் நகர் கடற்கரையின் மாலைப் படம் ஒன்றைக் கொடுத்தேன். ஒன்பது தாளும் "அழகான" என்றே தொடங்கின. ஏழில் "ரம்மியமான" என்றும் இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். கலைவாணி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அழகா கீதுன்னு ஒம்போது பேரும் சொல்ட்டாங்க, சரி. அங்க இன்னா கீது சார்?"

முதுகு

அறுபத்தெட்டு வயதுக்காரர் வசந்தா மாமி. அடுத்த படத்தில், மழையில் மடித்த குடையோடு ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். மாமி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். குடைக்காரருக்கு மாட்டுப்பெண்ணோடு ஒத்துப்போகவில்லை, பிள்ளை வாயே திறப்பதில்லை, கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கலைவாணி ஆவலாகி, "மூஞ்சி எப்டி கீது மாமி? அழுவுறாரா?" என்று கேட்டார். படத்தில் முகமே இல்லை, திரும்பி நிற்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. மாமி அசரவில்லை.

"ஏன், முதுகைப் பார்த்தா தெரியாதாக்கும்?"

வெங்காயத் தோல்

பாபு தி.நகரில் புடவைக் கடை விற்பனையாளர். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அதில் உள்ளவர்களின் உடுப்புதான் அவர் கண்ணில் படும். பள்ளி ஆண்டு விழா படத்தில் மேடை, மைக், மாணவிகள் எல்லாவற்றையும் ஒரு வரியில் முடித்துவிட்டு, தலைமையாசிரியையின் புடவையை மட்டும் ஆறு வரி எழுதினார்: வெங்காயத் தோல் நிறம், அரக்கு பார்டர், முந்தியில் ஜரிகை. நிறத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், கேட்பவர் நிறம் பார்த்ததில்லை என்றேன். கலைவாணி என்னைத்தான் தடுத்தார்.

"அவரு சொல்லட்டும் சார். தெனம் உரிக்கிறேன், வெங்காயத் தோல் எனக்குத் தெரியாதா? அந்த மாதிரி பொடவை ஒண்ணு எடுக்கணும்."

வெளிச்சம்

மூன்றாம் வாரம் கலைவாணி போனை நீட்டினார். மாதம் முடியப் பன்னிரண்டு நாள். முதல் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். "அழகான" என்று ஒருவர்கூட எழுதவில்லை. நான் பெருமையோடு படித்தேன். பெரிய ஜன்னல்கள், வெள்ளைச் சுவர், வீடு முழுக்க நல்ல வெளிச்சம். எட்டுப் பேர் அந்த வீட்டையே சிபாரிசு செய்திருந்தார்கள்.

"வெளிச்சத்தை வெச்சிக்கினு நானும் அவரும் இன்னா சார் பண்றது?"

மந்தைவெளி

மறுவாரம் யாரும் சுவரைப் பார்க்கவில்லை. ஒரு வீட்டின் ஜன்னல் கதவு நடைபாதைப் பக்கம், நெற்றி உயரத்தில் திறக்கிறது என்று பாபு கண்டுபிடித்தார், அது தள்ளுபடி. மந்தைவெளி வீட்டின் மாடிப்படியை மாமி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினாறு படி, ஏறும்போது வலது கைப்பக்கம் முழுக்கப் பிடி இருக்கு, நடுவில் திருப்பமே இல்லை. கதையே இல்லாமல் மாமி எழுதிய முதல் தாள் அது. சமையலறைக் குழாய், அடுப்பு மேடை, கதவு திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதினார்கள்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்க, எல்லோருமாகப் போனோம். சேகர் எண்ணிக்கொண்டே ஏறினார், பதினாறு. கலைவாணி கதவை, குழாயை, மேடையைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தன. சொல்லாதது ஒன்றும் இருந்தது: கீழே காப்பிக்கொட்டை வறுக்கும் கடை. எந்தப் படத்திலும் அது இல்லை. புகை வாசனை அறைகளிலெல்லாம் நிறைந்திருந்தது. போச்சு என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கலைவாணி மூச்சை இழுத்துவிட்டுச் சிரித்தார்.

"தெருமுனையிலயே எறங்கிக்கலாம் சார், மூக்கே வீட்டாண்ட கொண்ணாந்து விட்ரும். இதையே பேசி முடிங்க."

இப்போது அந்த வீட்டில் நான் காப்பி குடிக்கும்போதெல்லாம் எப்படி இருக்கிறது என்று கலைவாணி கேட்கிறார், வாத்தியாரான நான் "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.