இரண்டு பேர் மட்டும் நின்ற ஷோகேஸ்

போன ஞாயிற்றுக்கிழமை குரும்பகரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று விசாரித்தார். ஜவுளிக் கடைகளுக்கு டிஸ்ப்ளே பிளான் பண்ணித் தருகிறேன் என்றாள் வசந்தா. அந்த அம்மாளுக்குப் பிடிபடவில்லை. ஷோகேஸில் எந்தப் பண்டிகைக்கு எதை வைக்க வேண்டும், எந்தப் பொம்மைக்கு எந்தச் சேலை, ஆஃபர் போர்டு எங்கே தொங்க வேண்டும்… எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள்.

"பொம்மைக்குச் சேல கட்ட ஒரு ஆளா?" என்றார் அந்த அம்மாள். பந்தியே சிரித்தது. வசந்தாவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷ தீபாவளி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நாம் கடைக்குள் நம் காலால் நடந்து போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை சார்… முதலில் உள்ளே போவது கண். கால் அதற்குப் பின்னால் போகிறது. அந்தக் கண்ணைப் பிடித்து இழுப்பதுதான் வசந்தாவின் தொழில். பண்டிகைக்கு ரொம்ப நாள் முன்னாலேயே சார்ட் பேப்பரை விரித்து வரைய ஆரம்பித்துவிடுவாள். லீவு நாட்களில் நான் அவளுடைய சம்பளமில்லாத உதவியாளன். ஏணியைப் பிடிப்பேன், தெர்மாகோல் வெட்டுவேன், குண்டூசி எடுத்துக் கொடுப்பேன்.

காரைக்காலில் அவள் டிஸ்ப்ளே செய்யும் ஜவுளிக் கடை கடைத்தெருவின் நடுவில் இருக்கிறது. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். தீபாவளிக்கு அங்கே மாறாத ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்கு இடது பக்கம் இருக்கும் பெரிய ஷோகேஸில் ஒரு முழுக் குடும்பம் நிற்கும். அப்பா, அம்மா, மகன், மகள். புதுத் துணி, கையில் மத்தாப்பு. அம்மா பொம்மை கட்டியிருக்கும் பட்டுச் சேலையைக் கொடுப்பது ஒரு சேலை கம்பெனி. அந்த ஷோகேஸ் அலங்காரத்துக்கான செலவும் அவர்களுடையதுதான்.

போன வருஷம் வந்தது, சுனாமிக்குப் பிறகு முதல் தீபாவளி. கடலோரத்து ஊர்களில் பண்டிகை இல்லை. ஆனால் கடை என்று ஒன்று இருந்தால் ஷோகேஸ் வைத்துத்தானே ஆக வேண்டும்?

அன்றைக்குச் சனிக்கிழமை. அப்பா பொம்மைக்கு வேட்டி கட்டியாகிவிட்டது. மகள் பொம்மைக்குச் சிவப்புப் பட்டுப் பாவாடையை இடுப்பில் மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள் வசந்தா. அம்மா பொம்மைக்கு ரவிக்கை போட வேண்டுமென்றால் கைகளைக் கழற்ற வேண்டும். கழற்றிய கை என்னிடம் இருந்தது. அம்மா, மகன் பொம்மைகள் இரண்டும் இன்னும் ஷோகேஸின் திரைக்குப் பின்னால்தான் இருந்தன.

வெளியே ஒரு சிறுமி கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து நின்றுகொண்டு உள்ளே பார்த்தாள். நான்காவதோ ஐந்தாவதோ படிக்கிற வயசு. பக்கத்தில் அவளுடைய அப்பா. காய்த்துப்போன கைகளையும் வெயிலில் கறுத்த முகத்தையும் பார்த்தாலே கடலுக்குப் போகிறவர் என்று தெரிந்தது.

வாசல் திறந்திருந்ததால் அவள் சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, இங்க பாரு. நம்மள மாதிரியே ரெண்டு பேரு மட்டும் இருக்காங்க."

அவர் மகளின் கைகளைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டார். வசந்தா ஷோகேஸிலிருந்து இறங்கி வாசலுக்குப் போனாள். புள்ள கண்ணாடியில் கை வைத்துவிட்டது, கோவிச்சுக்காதீங்க என்றார் அவர். பெயர் கலியமூர்த்தி. திருவேட்டக்குடி. தற்காலிகக் குடியிருப்பில் தகரக் கொட்டகை. அதன் வாசலுக்குத் தொங்கவிடத் திரைத் துணி வாங்க வந்திருந்தார். மகள் அபிராமி இந்தத் தெரு முனையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத்தான் தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று வசந்தா கேட்டாள்.

"நாங்க ரெண்டு பேருதாங்க" என்றார். குரலைத் தாழ்த்தி, "இவ அம்மாவும் தம்பியும் அன்னைக்குக் கரையில நின்னாங்க" என்றார்.

அதற்குள் அபிராமி எங்கள் பக்கம் வந்துவிட்டாள். நான் வைத்திருந்த பொம்மைக் கையைத் திரைக்குப் பின்னால் தள்ளினேன்.

"இவங்களுக்கு அம்மா வருவாங்களா?" என்று பொம்மைகளைக் காட்டி வசந்தாவைக் கேட்டாள்.

"இல்லம்மா. இவங்க ரெண்டு பேருதான்."

யோசித்துச் சொன்ன பதிலா அது? இல்லை. வாய் சொல்லிவிட்டது. அபிராமி தலையாட்டினாள். அப்பாவும் மகளும் திரைத் துணியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வசந்தா மறுபடி ஷோகேஸில் ஏறவில்லை. குழந்தை நாளைக்கே மறந்துவிடும் என்றேன். "தினம் இந்த வழியாத்தாங்க அவ பள்ளிக்கூடம் போவா" என்றாள்.

ஹாஜியாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அம்மா பொம்மையை வலது பக்கத்துச் சின்ன ஷோகேஸுக்கு மாற்றிவிடலாம், பட்டுச் சேலை அங்கேயும் எடுப்பாகத்தான் இருக்கும் என்றாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. சுனாமி அன்று கடையைப் பூட்டிவிட்டு அண்டா அண்டாவாகச் சோறு வடித்துக் கொண்டுபோனவர். ஆனாலும் சம்மதிக்கவில்லை. கம்பெனிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, தீபாவளியும் அதுவுமாக அம்மா இல்லாத வீட்டை வாசலில் வைத்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்றார்.

"நீங்க அந்தப் புள்ளகிட்ட சொன்னது உங்க வார்த்தை. கட என்னோடதும்மா."

நியாயம்தானே? வசந்தாவும் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப திங்கக்கெழம அவ வந்து நின்னா, நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் நான் அலுவலகத்தில் இருந்தேன். நடந்ததை வசந்தா சொல்லித்தான் தெரியும். யூனிஃபார்மில், புத்தகப் பையோடு அபிராமி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாளாம். உள்ளே அப்பாவும் மகளும் அப்படியே நின்றிருந்தார்கள். மற்ற இரண்டு பொம்மைகளையும் வசந்தா இன்னும் உள்ளே வைக்கவில்லை. ஹாஜியார் கல்லாவிலிருந்து எழுந்து வாசல்வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகி அவள் ஓடும்வரை நின்றார். பிறகு திரும்பி வந்து, அம்மா பொம்மையையும் பையன் பொம்மையையும் அங்கே நிறுத்த வேண்டாம் என்றார். அம்மா பொம்மை சின்ன ஷோகேஸுக்குப் போனது. பையனை ரெடிமேட் செக்‌ஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். ஹாஜியார் அவரைச் சமாதானம் செய்துகொண்டார். வசந்தாவுக்காக அவரிடம் பேச யாரும் இல்லை. மற்ற ஊர்க் கடைகளில் அந்தக் கம்பெனிக்காக அவள் செய்துகொண்டிருந்த வேலை அதோடு நின்றுபோனது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். முடியவில்லை.

தீபாவளிக்கு முன்தினம். ஒரு நடுத்தர வயதுப் பெண் அதே ஷோகேஸுக்கு முன்னால் நின்றார். அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கடைக்குள் வராமலேயே போய்விட்டார். அவர் யார், அவர் வீட்டில் யார் இல்லை… எங்களுக்குத் தெரியாது. வசந்தா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

"ஒருத்திக்கு ஆறுதலா இருந்தது, இன்னொருத்திக்குக் குத்திடுச்சே" என்றாள்.

ஒரு வீடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லாக் கடைகளும் வருஷா வருஷம் கண்ணாடிக்குள் நிறுத்தி வைக்கின்றன. வெளியே நின்று பார்க்கிற வீடுகளில் எத்தனை அப்படி இருக்கின்றன? அதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் கடை நடத்த முடியாது என்பதும் உண்மைதான்.

தீபாவளி முடிந்ததும் கலியமூர்த்தி மகளோடு வந்தார். துக்க வருஷத்தில் பண்டிகைக்குத் துணி எடுக்கக் கூடாதே என்று காத்திருந்தாராம். பொம்மை போட்டிருந்த பாவாடைதான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் நிறம் மங்கியிருக்கும், புதுசு எடுத்துத் தருகிறேன் என்று வசந்தா சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அதையே மடித்துக் கொடுத்தாள் வசந்தா.

இந்த வருஷ தீபாவளிக்கு வசந்தா பெரிய ஷோகேஸில் குடும்பமே வைக்கவில்லை. அடுக்கடுக்காகச் சேலைகள் மட்டும். ஹாஜியாரும் ஏன் என்று கேட்கவில்லை.

முந்தாநாள் சேலைப் பிரிவில் நாங்கள் ஆஃபர் போர்டு மாட்டிக்கொண்டிருந்தோம். அபிராமி வந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். கூடவே கலியமூர்த்தி, அவருக்கு ஓரடி பின்னால் ஒரு பெண். ஆவணியில் கல்யாணம் ஆனதாகக் கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம். அவருடைய முதல் கணவரையும் அதே அலைதான் கொண்டுபோனது. சாம்பல் நிறத்தில் ஒரு நூல் சேலை கட்டியிருந்தார்.

அவருக்குச் சேலை எடுக்க வந்திருந்தார்கள். அவரோ எதையும் தொடவில்லை. எனக்கு எதுக்கு, புள்ளைக்கு எடுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சேல்ஸ்மேன் விரித்துப் போட்டதில் வெளிர் நிறங்களையே கண்ணால் தேடினார்.

வசந்தா உதவிக்குப் போகக் காலெடுத்து வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நின்றுவிட்டாள்.

அபிராமி குவியலுக்குள் கையை விட்டு, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒரு சேலையை உருவினாள். எக்கி நின்று அந்தப் பெண்ணின் தோளில் போட்டாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"நல்லாருக்கு சித்தி. எடுத்துக்குங்க."

அந்தப் பெண் தோளில் கிடந்த சேலையை மெல்லத் தடவிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பில் போட்ட பிறகு பையில் போட்டுத் தரக் கடைக்காரர் கை நீட்டினார். அந்தப் பெண் சேலையைக் கொடுக்கவில்லை… மார்போடு அணைத்தபடியே பஸ் ஏறினார்.