ஒன்பது பூ, ஒரு லூப்

கம்ப்யூட்டர் சென்டரில் லூப் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு எதிரே உட்காருகிற ஆள்தான் மாறும், பாடம் மாறாது. என்னைப் போல அவதிப்படுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பொன்னமராவதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எனக்கு மத்தியான பேட்ச். ஃபேன் காற்றில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். சில நாள் நானும்.

ஓடிக்கொண்டே இருந்த பெயர்

அந்த பேட்சில் படித்த ஈஸ்வரிக்கு முப்பத்து மூன்று வயது. கணவர் குவைத்தில். லூப் என்றால் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவைப்பது; அதை வைத்து ஒரு வரியை ஐந்து முறை திரையில் வரவைக்கச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும், இல்லையென்றால் லூப் நிற்காது. அவர் கூட்ட மறந்துவிட்டார். திரை முழுக்க ‘முருகேசன்’ ‘முருகேசன்’ என்று ஓடியது. எனக்குக் கோபம் வந்தது. நிறுத்தப் போனேன். ஆனால் அந்தப் பெயர் மழை மாதிரி இறங்கிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் என் கை நின்றுவிட்டது.

“கொஞ்ச நேரம் ஓடட்டும் சார். அவரு பேரை வாயால சொல்லக்கூடாதும்பாங்க, டைப் பண்ணக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே.”

இருந்தால், இல்லாவிட்டால்

‘இருந்தால் இது, இல்லாவிட்டால் அது’ என்கிற கண்டிஷன் பாடத்துக்குச் சொந்தமாக ஓர் உதாரணம் எழுதச் சொன்னேன். ஈஸ்வரி எழுதியது: வேலை கிடைத்தால் ‘வந்துருங்க’, இல்லாவிட்டால் ‘இன்னும் ஒரு வருஷம்’. விசாரித்தேன். புதுக்கோட்டையில் ஒரு கம்பெனி வேலைக்கு ஈஸ்வரிக்கு வெள்ளிக்கிழமை தேர்வாம். தேறினால் கணவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவாராம்.

“ரெண்டாவது வரி ஏற்கெனவே எட்டு தடவ ஓடிருச்சு சார்.”

பூ

தேர்வுக்கு இரண்டு நாள்தான். அன்றைக்கும் அதே தப்பு, லூப் நிற்கவில்லை. “கோயில்ல நவக்கிரகத்தை ஒம்பது சுத்து சுத்துறீங்களே, அங்க மட்டும் எப்படி நிக்கிறீங்க?” என்று எரிந்து விழுந்தேன்.

“கையில ஒம்பது பூ எடுத்துக்குவேன் சார். சுத்துக்கு ஒண்ணாப் போட்டுருவேன். கை காலியானா நின்னுருவேன்.”

சொல்லிவிட்டுக் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தார். பிறகு எண்ணிக்கைக்குப் ‘பூ’ என்று பெயர் வைத்தார், ஒன்பதிலிருந்து சுற்றுக்கு ஒன்று கழித்தார். ஒன்பது வரி வந்தது. திரை தானாக நின்றது. பத்து வருடமாக நடத்துகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“பூவைப் போடாமயே இத்தன நாளாச் சுத்திக்கிட்டிருந்திருக்கேன் பாருங்க.”

மாடிப்படி

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஈஸ்வரி அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். போன மாதமே வேலையில் சேர்ந்துவிட்டாராம். பின்னால் படியேறி வந்த மனிதரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பார்த்ததில்லை, பெயரைத்தான் அத்தனை முறை பார்த்திருக்கிறேன். லீவில் வருகிற எல்லாரிடமும் கேட்கிற பழக்கத்தில், “எப்ப திரும்பப் போறீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“போகலைங்க. கண்டிஷன் மாறிருச்சுன்னு இவுக சொல்லிட்டாக.”

அடுத்தவர் லூப்பையெல்லாம் நிறுத்திக்கொடுக்கிற எனக்கு, மறுநாள் மத்தியானம் புது பேட்ச், அதே முதல் பாடம்.